சாமி படத்துக்குப் பின்னால் இரண்டு நாள்

நீளமான டி.என்.ஏ. இழையை உடையாமல் படிப்பது எங்கள் தொழில். அதை உடைக்கத் தெரிந்தவர்களைத் தேடிப்பிடித்துப் பதவியில் அமர்த்துவது எங்கள் நிர்வாகத்தின் தொழில்.

கல்லூரியில் முப்பத்தாறு ஆண்டுகள் உயிர்வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னை, ஒரகடம் சாலையிலுள்ள ஒரு தனியார் சோதனைக்கூடம் தர மேற்பார்வைக்கு அழைத்துக்கொண்டது. இடப்பக்கம் கார் இருக்கை செய்யும் ஆலை, வலப்பக்கம் பிஸ்கட் கிடங்கு, நடுவில் நாங்கள். எந்தத் திசையிலிருந்து காற்று வீசுகிறது என்பதை மூக்கே சொல்லிவிடும். என் வேலை மிக எளிது. யாரும் அவசரப்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். இரண்டாவது பகுதி மட்டும் இன்றுவரை ஒழுங்காக நடந்துவருகிறது. சோதனைக்கூடங்களில் காலம் தள்ளும் சக துன்பவாசிகளே, உங்கள் மேலாளரும் இப்படித்தானா என்பதைப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

தூங்காத ஆட்கள் தேவை

எங்கள் மேலாளர் பரந்தாமன், கார் இருக்கை செய்யும் ஆலைகளிலேயே பதினைந்து ஆண்டுகள் உற்பத்திப் பிரிவை நடத்திவிட்டு எங்களிடம் வந்தவர். இருக்கைக்கும் மரபணுவுக்கும் உள்ள வேறுபாடு உள்ளே அடைக்கும் பஞ்சு மட்டும்தான் என்று நம்புகிறவர். நல்ல மனிதர்; அதுதான் சிக்கல். கெட்ட மனிதராக இருந்தால் எளிதாகக் கோபித்துக்கொள்ளலாம்.

புதிய கருவி வந்த வாரத்தில், ஓர் ஆலையின் மனிதவள அதிகாரியை அழைத்துவந்து அதைக் காட்டினார். நான் விளக்கினேன்: டி.என்.ஏ. இழை ஒரு நுண்ணிய துளைக்குள் நுழைந்து செல்லும். செல்லச் செல்லவே கருவி அதை எழுத்தெழுத்தாகப் படித்துவிடும். முன்பு வாரக்கணக்கில் ஆன வேலை சில நாள்களில் முடிந்துவிடும். அதிகாரி மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். பிறகு, நைட் ஷிஃப்டில் தூங்காத மரபணு யார் யாரிடம் இருக்கிறது என்று ஆள் எடுக்கும்போதே பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். அப்படி ஒரு மரபணு இல்லை என்றேன். இருந்தாலும் சொல்ல மாட்டேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் சிறிதும் மனம் தளரவில்லை.

"பரவால்ல மேடம். லீவு போடாத ஜீனாவது கண்டுபுடிச்சுத் தர முடியுமா?"

இடியாப்பப் பாடம்

மருத்துவமனைகளிலிருந்து ரத்த மாதிரிகளை இருசக்கர வண்டியில் கொண்டுவருபவர் பென்னலூர் ஏழுமலை. அவர் ஒருநாள் எங்கள் ஆய்வாளர் மஞ்சுளாவின் மேசையருகே நின்று பதறிப்போனார். மஞ்சுளா, திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டின் புத்தம்புதிய பிளாஸ்டிக் முனைகளை வரிசையாகக் கத்தரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா மா இது, புதுசைப் போயி கட் பண்ணிக்கினு கீற? சார் பாத்தா கத்துவாரு."

"ஓட்டை சின்னதா இருந்தா இழை உள்ள போறப்பவே அறுந்துடும்ணே. இடியாப்பம் சாப்புட்டுருக்கீங்கல்ல? நீளமா, அப்படியே அலுங்காம எடுக்கணும். உதுத்துட்டா உப்புமாதான். எங்களுக்கு உப்புமா வேணாம்."

"பழைய மிஷினு?"

"அதுக்கு உப்புமாதான் குடுப்போம். துண்டு துண்டாப் படிச்சிட்டு, அப்புறமா கம்ப்யூட்டரு எது எதோட சேரும்னு ஒட்டும்."

முப்பத்தாறு ஆண்டுகளில் இந்தப் பாடத்தை ஒரு பருவத்துக்குக் குறைவாக நான் நடத்தியதே இல்லை. மஞ்சுளா ஏழே வாக்கியத்தில் முடித்துவிட்டாள். மாணவரும் என் மாணவர்கள் எவரையும்விட விரைவாகத் தேறினார்.

"அப்போ இவ்ளோ நாளா உப்புமாவைக் கிண்டிப் பாத்துட்டு, இடியாப்பம் எத்தினி இருந்துச்சுன்னு சொல்லிக்கினு இருந்தீங்களா?"

இரண்டு ஷிஃப்ட், ஒரு குழந்தை

ஒரு திங்கட்கிழமை காலை, மண்ணூரிலிருந்து தேவி என்ற பெண் தன் ஆறு வயது மகள் யாழினியுடன் வந்தார். தேவிக்குக் கைப்பேசி ஆலையில் இரண்டாவது ஷிஃப்ட். கணவருக்கு வேறோர் ஆலையில் முதல் ஷிஃப்ட். குழந்தையோடு எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. குழந்தையின் கால்கள் விறைத்து இழுத்துக்கொள்கின்றன. தசைநாரை வெட்டி நீட்டுவதற்கு, சரியாக மூன்று வாரம் கழித்து வரும் திங்கட்கிழமையை எலும்பு மருத்துவர் குறித்துவிட்டார். மரபணு மருத்துவர் ஒருவருக்கு மட்டும் ஐயம். இது மாத்திரைக்கு அடங்கும் நோயாக இருக்கலாம். அப்படியானால் கத்தியே வேண்டியதில்லை. 'ஐயத்துக்காகத் தேதியை விட முடியாது, தாளில் காட்டுங்கள்' என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டாராம்.

முன்பே செய்த பழைய முறைச் சோதனை 'மாற்றம் ஏதும் இல்லை' என்றிருந்தது. அதில் வியப்பில்லை. ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒரு பிரதியில் சில பக்கங்களே காணாமல் போயிருந்தாலும், நல்ல பிரதியிலிருந்து வரும் துண்டுகள் அந்த ஓட்டையை மூடிவிடும். நீளமாகப் படித்தால்தான் கிழிசல் தெரியும். ஆகவே எங்களிடம் அனுப்பியிருந்தார்கள்.

படிவத்தை நானே நிரப்பினேன். கால் இழுப்பது எந்த நேரத்தில் அதிகம் என்று கேட்டேன்.

"நான் பாக்கசொல்லோ நல்லாத்தான் மா ஓடுது. ஸ்கூலுக்கு இட்டுக்கினு போனா எனக்கு முந்தி ஓடும். அவருதான் சாயங்காலமானா இழுக்குது, வுழுதுன்னு போன்ல கத்துவாரு. என் புள்ளைய நொண்டின்றியான்னு நான் கத்துவேன். ஆஸ்பத்திரியிலயும் ரெண்டு பேரும் ரெண்டு வெதமா சொன்னோமா, டாக்டரு எதையும் எழுதிக்கல."

"ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து பார்த்திருப்பீர்களே?"

"ஞாயித்துக்கெழமைன்னா ஓட்டி மா, ஓவர்டைம். அவருக்கு இல்லன்னா எனக்கு."

'காலையில் நலம், மாலையில் மோசம்' என்று படிவத்தின் ஓரத்தில் எழுதினேன். மரபணு மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து அந்த வரியைப் படித்தேன். அவர் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். பொழுது சாயச் சாய மோசமாவது அந்த மாத்திரை நோயின் அடையாளம், இந்த ஒரு வரி தன் ஐயத்தை இரட்டிப்பாக்குகிறது, தாளை மட்டும் விரைவில் தாருங்கள் என்றார். நான் தொலைபேசியை வைத்ததும், கணவர், மனைவி இருவர் சொல்வதுமே சரியாக இருக்கலாம் என்று தேவியிடம் சொன்னேன். அவர் குனிந்து மகளின் கால்களைப் பார்த்தார்.

"அப்போ ரெண்டு வருஷமா நாங்க ரெண்டு பேரும் உண்மையச் சொல்லித்தான் அடிச்சிக்கினு இருந்தோமா மா?"

சிவப்புச் சீட்டு

வியாழக்கிழமை மஞ்சுளா யாழினியின் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தாள். இழை நீளமாக இருந்தால் அது நீரில் உடனே கரையாது. சிறு குழாயின் அடியில் கூழ்போலச் சுருண்டு கிடக்கும். அதற்கு மருந்து ஒன்றுதான்: இரண்டு நாள் அறை வெப்பத்தில் சும்மா விட வேண்டும். தானாகச் சுருள் பிரிந்து கரையும். உலகின் மிக விரைவான கருவியை வாங்கிய பிறகும், அதற்குமுன் இரண்டு நாள் கைகட்டி உட்கார வேண்டியிருக்கிறது. இதை எங்கள் மேலாளருக்கு நான் நான்கு முறை விளக்கியிருக்கிறேன். நான்கு முறையும் அவர் தலையசைத்திருக்கிறார்.

இந்தச் சாலையின் ஆலைகள் எல்லாவற்றிலும் 'ஃபைவ் எஸ்' என்று ஒரு வழிபாடு உண்டு. பொருள்களை ஒழுங்காக வைப்பதற்கான விதிகள் அவை. வேலையின்றி ஓரிடத்தில் கிடக்கும் பொருளைக் கண்டால் அதன்மீது சிவப்புச் சீட்டைக் கட்டி, அகற்றவோ வேலைக்கு அனுப்பவோ வேண்டும். வெள்ளி மாலை நான் கிளம்பிய பின் சுற்றிவந்த பரந்தாமன், ஒரு நாள் முழுவதும் சும்மா நின்ற குழாயைக் கண்டார். சீட்டைக் கட்டினார். பிறகு குழந்தையின் அறுவை நாள் நினைவுக்கு வர, இரக்கமும் கொண்டார். குழாய்களைச் சுழற்றிக் கலக்கும் இயந்திரத்தில் அதை வைத்துப் பத்து விநாடி சுழற்றினார். கூழ் கரைந்து தெளிந்துவிட்டது. இரண்டு நாள் வேலையைப் பத்து விநாடியில் முடித்த நிறைவோடு, யாருக்கும் சொல்லாமல் வீட்டுக்குச் சென்றார்.

சனிக்கிழமை, கருவியில் ஏற்றுவதற்கு முன் இழையின் நீளத்தை அளக்க வேண்டும். அதற்கு ஓர் இரவு பிடிக்கும். 'குழாய் தெளிவாகத்தானே இருக்கிறது, குழந்தைக்கு நாள் இல்லையே' என்றார் பரந்தாமன். அந்தப் படியை அன்று நான் விட்டுக்கொடுத்தேன். ஆம், நான்தான். புதன்கிழமை கணினியைத் திறந்தபோது பெரிய நெல் மூட்டையைக் கவிழ்த்ததுபோல் லட்சக்கணக்கான துணுக்குகள். நீளமான இழை ஒன்றுகூட இல்லை. துணுக்குகள் துளைக்குள் வேகமாக ஓடுமாகையால், எண்ணிக்கை காட்டும் சுவர்ப்பலகை இலக்கைத் தாண்டிப் பளபளவென்று பச்சையில் ஒளிர்ந்தது. உப்புமா என்றேன். மஞ்சுளா தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்போதுதான் பரந்தாமன் தாம் செய்த உதவியைச் சொன்னார். சொல்லிவிட்டு, எங்கள் முகங்களையும் பலகையையும் மாறிமாறிப் பார்த்தார்.

"போர்டு பச்சையாத்தானே இருக்கு மேடம்? அப்புறம் என்ன?"

'மாதிரி தரமற்றது'

மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும் என்று தேவியிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்கென்றே தொழிலில் ஒரு புனித வாசகம் இருக்கிறது. 'மாதிரி தரமற்றது, மீண்டும் அனுப்பவும்.' தவறு ரத்தத்தின் மீதோ, எடுத்த ஊசியின் மீதோ, வானிலையின் மீதோ இறங்கிவிடும். நம் மீது ஒரு துளியும் தெறிக்காது. நீங்களும் அனுப்பியிருப்பீர்கள், நானும் படித்திருக்கிறேன். பரந்தாமன் அதைத் தட்டச்சு செய்தே கொண்டுவந்துவிட்டார். தரமற்றது மாதிரி அன்று என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.

வியாழன் பிற்பகல் தேவி குழந்தையுடன் வந்தார். அதற்காக அரை நாள் விடுப்புக் கேட்டு, லைன் சூப்பர்வைசரிடம் ஏச்சு வாங்கியிருந்தார். ரத்தத்தில் குறையில்லை, நாங்கள்தான் அவசரப்பட்டு உடைத்துவிட்டோம் என்றேன். அவர் மகளை மடியில் இருத்திக்கொண்டார். பிறகு, "எங்க லைன்ல ஒரு பீஸு ஒடஞ்சா ஒடச்சவங்க பேரை எழுதி மாட்டுவாங்க மா. இங்க யாரு பேரை மாட்டுவீங்க?" என்றார்.

"என் பெயரை. அளக்காமல் ஏற்றச் சொன்னது நான்."

பரந்தாமன் கதவருகே நின்றிருந்தார். தாம் தட்டச்சு செய்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். தேவி மகளின் கையை நீட்டிப் பிடித்தார். ஊசியைக் கண்டதும் அழும் என்று நான் எதிர்பார்த்த குழந்தை அழவில்லை. நிரம்பும் குழாயை உற்றுப் பார்த்தது. பிறகு என்னைப் பார்த்தது.

"ஆயா, இதையும் ஒடச்சிருவியா?"

ஃபைவ் எஸ் நுழையாத இடம்

வெள்ளிக்கிழமை இரண்டாம் முறை டி.என்.ஏ. பிரிக்கப்பட்டது. அடுத்த இரண்டு நாள் அது சும்மா இருந்தாக வேண்டும். இன்னொரு தவறுக்கு நாள்காட்டியில் இடமில்லை. மேசையில் வைத்தால் சீட்டு கட்டப்படும். இழுப்பறைகளை வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது விதி. பூட்டிவைத்தால், பூட்டு ஏன் என்று ஒரு கூட்டம் கூட்டப்படும். இது பாதுகாப்பான இடமே இல்லாத ஒழுங்கான கட்டடம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மஞ்சுளா மெல்ல மேலே பார்த்தாள்.

வேதிப்பொருள் வைக்கும் அறையின் சுவரில் ஒரு மரமாடம் உண்டு. அதில் மூன்று சாமி படம், ஒரு சிறு மின்விளக்கு, வெள்ளிதோறும் பூ. சோதனைக்கூடத்தில் அது இருக்கக் கூடாது என்று இரண்டு ஆண்டுகளாகக் குறிப்பெழுதி வருகிறவள் நான். ஆயினும் அளவீடு அளவீடுதான். வெப்பமானி வைத்துப் பார்த்தேன்: வேண்டிய அறை வெப்பம். பக்கத்து ஆலையின் அழுத்து இயந்திர அதிர்வு அந்தச் சுவருக்கு எட்டவில்லை. விளக்கை மட்டும் அணைக்கச் சொன்னேன். மூடிய பெட்டிக்குள் குழாயை வைத்து, பெட்டியை நடுப் படத்துக்குப் பின்னால் வைத்தோம். பதிவேட்டில் 'இடம்: சாமி மாடம்' என்று என் கைப்பட எழுதிக் கையெழுத்திட்டேன். என் குறிப்புகளையெல்லாம் யாரும் சேர்த்துவைக்காமல் இருந்தால் நன்று.

சனிக்கிழமை பரந்தாமன் குழாயைத் தேடினார். தொடுவதற்கன்று, எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான் என்றார். மேசை, குளிர்பெட்டி, இழுப்பறை எல்லாம் தேடிக் களைத்து அந்த அறைக்குள் போனார். கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த மஞ்சுளா, வாயைப் பொத்தியபடி என்னிடம் ஓடிவந்தாள்.

"மேடம், சாரு ஷூவைக் கழட்டிட்டு அதுக்கு முன்னாடியே நின்னு, ரிப்போர்ட்டு சீக்கிரம் வரணும்னு கண்ண மூடிக் கும்புட்டுக்கினு கீறாரு!"

தாள்

திங்கட்கிழமை ஏற்றுவதற்கான ஆயத்த வேலை. ஞாயிறு மாலையே மஞ்சுளாவை வரச் சொல்லி நீளத்தை அளக்க வைத்திருந்தேன். இந்த முறை நான் யாருக்கும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. செவ்வாய் முதல் கருவி படித்தது. நீளமான இழைகள் எண்ணிக்கையில் குறைவு, ஆகவே சுவர்ப்பலகை மூன்று நாளும் சிவப்பாகவே இருந்தது. பரந்தாமன் அதைக் கடக்கும்போதெல்லாம் துக்க வீட்டைக் கடப்பவர்போல் குரலைத் தாழ்த்திக்கொண்டார். வியாழன் மாலை, மரபணுவின் ஒரு பக்கத்தில் தொடங்கிய ஓர் இழை நடுவில் பெரும் பகுதியைத் தாண்டி மறுபக்கத்தில் தொடர்ந்தது. ஓர் இழையை நான் நம்புவதில்லை. பதினோர் இழைகள் அதே இடத்தில் அதே அளவு தாண்டின. ஒரு பிரதியில் பக்கங்கள் காணாமல்தான் போயிருந்தன. மருத்துவர் ஐயப்பட்ட நோய், மாத்திரைக்கு அடங்குவது.

வெள்ளி காலை கையெழுத்திட்டேன். நண்பகலில் தாள் எலும்பு மருத்துவர் கைக்குப் போனது. திங்கட்கிழமை அறுவை நிறுத்தப்பட்டு மாத்திரை தொடங்கப்பட்டது. செய்தியைச் சொன்னபோது பரந்தாமன் கண்களைத் துடைத்துக்கொண்டார். அதை நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. பிறகு அவர் பதிவேட்டை எடுத்து நிதானமாகப் படித்தார். இட விவரத்துக்கு வந்ததும் நின்றார். வசவுக்கு நான் ஆயத்தமானேன். அவர் முகத்திலோ உற்பத்திப் பிரிவின் பழைய ஒளி.

"ஒரு மாடத்துக்கு இவ்ளோ ரிசல்ட்டா மேடம்? இன்னும் நாலு மாடம் அடிச்சு மாட்டுவோம், கெப்பாசிட்டிய ஏத்திடலாம்!"

ஞாயிறு, மாலை ஆறு மணி

மூன்று வாரம் கழித்து ஒரு ஞாயிறு மாலை தேவி தொலைபேசியில் அழைத்தார். அன்று இருவருமே ஓட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டிலிருந்தார்களாம். பின்னணியில் தெருச் சத்தம். யாரோ யாரையோ துரத்தும் காலடி. 'மெதுவா ஓடு புள்ள' என்று ஓர் ஆண்குரல். நான் உடல்நலம் விசாரிப்பதற்கு முன்பே அவர் பேச ஆரம்பித்துவிட்டார். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. துணி மேசையின் மறுகோடியில் இருந்தது.

"என் ஷிஃப்ட்லயும் ஓடுறா, அவரு ஷிஃப்ட்லயும் ஓடுறா மா. இப்போ நாங்க சண்டை போடறதுக்குத்தான் ஒண்ணும் கெடைக்கல."

நீளமான டி.என்.ஏ.வைப் படிக்க இன்றுவரை நான் கண்டவற்றுள் மிக விரைவான முறை, அதை இரண்டு நாள் யாரும் தொடாமல் இருப்பது.